கெடு முடிந்த கணமும் வேலை முடிந்த கணமும்

2010 ஜூலை 5, திங்கட்கிழமை. விடியற்காலை மூன்று மணியளவில் டிபிஎஸ் வங்கியின் மெயின்ஃபிரேம் கணினிக்கும் அதன் கணக்குகள் இருக்கும் வட்டுச் சேமிப்பகத்துக்கும் இடையே தொடர்பு அறுந்தது. அன்று காலை அதே வங்கியின் பிஓஎஸ்பி ஏடிஎம்முக்குப் போனவர்கள் சிராங்கூன் சாலையிலும் சரி, உட்லண்ட்ஸிலும் சரி, வெறுங்கையோடு திரும்பினார்கள். எல்லாச் சேவைகளும் திரும்புவதற்குள் மணி பத்தாகிவிட்டது. சேமிப்பகத்துக்குள் ஓர் இணைப்பு தடுமாறுவதாக முந்தைய நாட்களில் எச்சரிக்கை வந்திருந்ததும், அதனால் வங்கியின் வேலை எதுவும் தடைபடாமல் இருந்ததும் பிறகு தெரியவந்தது. அந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்யக் கேபிளை மாற்றியபோது பராமரிப்பு நிறுவனத்தார் பழைய, கைவிடப்பட்ட வழிமுறையைக் கையாண்டார்கள். சிறு பழுதைத் தீர்க்கப்போய் முழு அமைப்பும் படுத்தது. சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்ததோடு, ஏறத்தாழ 230 மில்லியன் வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கி வைக்கவும் உத்தரவிட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலை 14 அன்று, சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் நண்பகலுக்கு முன்பே வணிகம் நின்றது. அன்று மீண்டும் திறக்கவே இல்லை. தொடக்கம் ஒரு வன்பொருள் கோளாறு. அதன் விளைவாக, நடந்த வணிகங்களுக்கான உறுதிச் செய்திகள் இரட்டையாக வெளியே போய்விட்டன. எது அசல், எது நகல் என்று தரகு நிறுவனங்களோடு ஒத்துப்பார்த்துத் தீர்க்க அந்தப் பொழுது போதவில்லை.

பிறகு 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை; லிட்டில் இந்தியா கடைத்தெருவில் கூட்டம் சேரும் பிற்பகல். ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதானதில் டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டின் சேவைகளும் விழுந்தன. இரு வங்கிகளும் மாற்று மையத்துக்குத் தாவ முயன்றன. டிபிஎஸ்ஸுக்கு வலையமைப்பை அமைத்ததில் இருந்த பிழை குறுக்கே நின்றது; சிட்டிபேங்கிற்கு இணைப்புச் சிக்கல். ஏறத்தாழ 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறாமல் போனதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இவை மூன்றும் ரேஸ் கண்டிஷன், அதாவது இரண்டு செயல்களில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் பிழை, என்று நான் சொல்லவில்லை. முதலாவதில் பராமரிப்புத் தவறு, இரண்டாவதில் வன்பொருள், மூன்றாவதில் குளிரூட்டி. ஆனால் மூன்றிலும் அன்றாட வழி ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. பழுது நேர்ந்தபின் நடக்கவேண்டிய வழியில்தான் கால் இடறியது. இயங்குதளத்தின் உள்ளே, வட்டோடு பேசும் டிரைவர் மென்பொருளிலும் இதே இரண்டு வழிகள் உண்டு. அங்கே இடறுவதற்கு மணிக்கணக்கு வேண்டாம், மைக்ரோசெகண்ட் போதும். சேமிப்பு டிரைவர்களில் ரேஸ் கண்டிஷன்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன, முப்பது ஆண்டுகளில் அவற்றை எப்படியெல்லாம் தேடியிருக்கிறார்கள், எந்தத் திருத்தம் நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. இந்த ஊரில் அது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. சிங்கப்பூரில் 70க்கும் மேற்பட்ட தரவு மையங்கள், மொத்தம் 1.4 கிகாவாட்டுக்கும் அதிகமான திறனோடு இருப்பதாக 2024இல் அரசு வெளியிட்ட பசுமைத் தரவு மையத் திட்டம் சொல்கிறது. அவற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வட்டுக்கும் முன்னால் ஒரு டிரைவர் நிற்கிறது.

டிரைவர் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு செயலி கோப்பைப் படிக்கக் கேட்கிறது. கோப்பு முறைமை அந்தக் கோரிக்கையை வட்டின் முகவரிகளாக மாற்றித் தருகிறது. டிரைவர் அதற்கு ஓர் எண் இட்டு, வட்டின் கியூவில் வைத்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. வட்டு தன் போக்கில் தரவை நினைவகத்தில் நேரடியாக எழுதிவிட்டு, ‘இந்த எண் முடிந்தது’ என்று இன்டரப்ட் அனுப்புகிறது. இடையில் ஒரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸில் வழக்கமான கெடு 30 நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் வட்டு செத்துவிட்டதாகவோ திணறுவதாகவோ எடுத்துக்கொண்டு, டைம்அவுட் வழி விழித்துக்கொள்ளும்: கோரிக்கையை ரத்து செய்யும், வட்டை ரீசெட் செய்யும், எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

கெடு முடிவதும் வேலை முடிவதும் ஒரே கணத்தில் நேர்ந்தால்?

தேக்கா பக்கம் கூட்டம் நிறைந்த ஓர் உணவகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் டோக்கன் எண்ணைச் சொல்லி அடுக்களையில் ஆர்டர் கொடுக்கிறார்: பதினேழு, ஒரு மசாலா தோசை. நேரமாகிறது, தோசை வரவில்லை. மாஸ்டர் மறந்துவிட்டார் என்று முடிவுகட்டி அந்த ஆர்டரை அடித்துவிட்டு, அதே 17ஆம் டோக்கனை அப்போதுதான் வந்து உட்கார்ந்தவருக்குக் கொடுக்கிறார். அந்த நொடியில் அடுக்களையிலிருந்து குரல் வருகிறது: “பதினேழு ரெடி!” இட்லி கேட்டவர் முன்னால் தோசை வந்து உட்காரும். கணினியில் இது தட்டு மாறுவதோடு நிற்பதில்லை. பழைய கோரிக்கைக்கென வைத்திருந்த நினைவக இடம் இதற்குள் வேறொரு செயலிக்குப் போயிருக்கும். வட்டு அங்கே தரவை எழுதிவிட்டுப் போகும். அல்லது ஒரே கோரிக்கையை இன்டரப்ட் ஒரு முறை, டைம்அவுட் ஒரு முறை என இரண்டு தடவை ‘முடிந்தது’ என்று மூடிவிட்டு, ஒரே நினைவகத்தை இரண்டு தடவை விடுவிக்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் விழுந்தால் அது நல்வாய்ப்பு. விழாமல் ஓடினால்தான் பயம்.

இந்த ஒரே ஒரு மோதலைத் தீர்க்க லினக்ஸ் கெர்னல் பட்ட பாட்டை நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இத்துறையின் மொத்தப் போராட்டமும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

சுழலும் வட்டுகளின் காலத்தில் ஒரு வட்டுக்கு ஒரு கியூ, அதற்கு ஒரு லாக், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு, என்று இருந்தது. சாட்டா வட்டுகளுக்கான ஏஎச்சிஐ முறையில் ஒரே கியூவில் அதிகபட்சம் 32 கட்டளைகள்தான். வட்டு மெதுவாக இருந்ததால் அந்த ஒற்றை லாக்கின் நெரிசலை யாரும் பொருட்படுத்தவில்லை. எஸ்எஸ்டி வட்டுகளுக்காக 2011இல் வெளிவந்த என்விஎம்இ தரநிலை அந்தக் கணக்கை மாற்றியது: 65,535 கியூக்கள் வரை, ஒவ்வொன்றிலும் 65,536 கட்டளைகள் வரை. ஒவ்வொரு சிபியு கருவுக்கும் தனிக் கியூ கொடுக்கலாம் என்றானது. லினக்ஸும் 2014 ஜனவரியில் வந்த 3.13 பதிப்பில் பல-கியூ அடுக்கைச் சேர்த்துக்கொண்டது. ஒரு பெரிய லாக்கின் நிழலில் மறைந்திருந்த நேர இடுக்குகளெல்லாம் அன்றிலிருந்து வெளிச்சத்துக்கு வரத் தொடங்கின.

முதல் தீர்வு ஒரே ஒரு பிட். இன்டரப்ட், டைம்அவுட் இரண்டில் யார் அந்தப் பிட்டை அணுநிலைச் செயலால் முதலில் 1 ஆக்குகிறார்களோ அவர்களுக்கே கோரிக்கை சொந்தம். மற்றவர் விலகிக்கொள்ள வேண்டும். எளிது, வேகமானது. ஆனால் ஓட்டை இருந்தது. டைம்அவுட் வழி கெடுவைப் படித்துப் பார்த்துவிட்டு அந்தப் பிட்டைத் தொடப் போவதற்குள், கோரிக்கை முடிந்து, எண் திரும்பி, அதே எண்ணில் புதிய கோரிக்கை கிளம்பியிருக்கலாம். பழைய கெடுவை நம்பிப் புதியதைக் கொன்றுவிடும்.

2018இன் தொடக்கத்தில் கெர்னல் நிரலாளர் டெஜுன் ஹியோ இதை முழுதாக மாற்றி எழுதினார், 4.16 பதிப்பில் அது வந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தலைமுறை எண் ஒன்று. கோரிக்கையின் எண் மறுபடி பயன்படும்போதெல்லாம் தலைமுறை கூடும். டைம்அவுட் வழி தான் பார்த்த தலைமுறையைக் குறித்துக்கொண்டு, ஆர்சியு முறையில் மற்றவர்கள் எல்லோரும் அந்த இடத்தைக் கடந்துவிட்டார்கள் என்று உறுதியானபின், தலைமுறை மாறாமல் இருந்தால் மட்டுமே கை வைக்கும். நுட்பமான வேலை. படித்துப் புரிந்துகொள்வதே சிரமம் என்ற அளவுக்கு நுட்பம்.

சில மாதங்களிலேயே, 4.18 பதிப்பில், இன்னொரு கெர்னல் நிரலாளர் கீத் புஷ் அந்தத் தலைமுறை எண் முழுவதையும் எடுத்துவிட்டார். பதிலுக்கு வந்தது ஒரு ரெஃபரன்ஸ் கவுன்ட். டைம்அவுட் வழி ஒரு கோரிக்கையைப் பார்க்க விரும்பினால் முதலில் அதன் மேல் ஒரு பிடி போட வேண்டும். பிடி இருக்கும்வரை அந்த எண் வேறு யாருக்கும் போகாது. கோரிக்கை முடிந்ததா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் வேலை அந்தந்த டிரைவரிடம் போனது. ஸ்கசி டிரைவர் அடுக்கு அதுவரை இந்தப் பாதுகாப்புக்குக் கீழ் அடுக்கை நம்பியிருந்தது. பிறகு தனக்கென ஒரு பிட்டை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூன்றில் மூன்றாவதே சரியானது என்பது என் முடிவு. அதுதான் மிகச் சுருக்கமானது என்பதால் அல்ல. முதல் இரண்டும் ‘யார் முந்தினார்’ என்று கேட்டன. மூன்றாவது ‘இந்தக் கணத்தில் இது யாருடையது’ என்று கேட்டது. உரிமையாளர் யார் என்பது தெளிவானால் முந்துவதும் பிந்துவதும் பெரும்பாலும் பொருளற்றுப் போகின்றன. நிலைத்து நின்ற திருத்தங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வியைத்தான் பார்க்கிறேன்.

அதே 17ஆம் டோக்கன் கதை வன்பொருள் பக்கமிருந்தும் வரும். கெர்னல் எவ்வளவு கவனமாக இருந்தாலும், தடுமாறும் வட்டு பழைய எண்ணுக்குத் தாமதமாகப் பதில் அனுப்பலாம். 2021இல் என்விஎம்இ டிரைவரில் இதற்கு ஒரு காப்பு சேர்த்தார்கள். கட்டளை எண்ணுக்கு இருக்கும் 16 பிட்டில் 12 பிட் டோக்கனுக்கு, மீதி 4 பிட் சுற்று எண்ணுக்கு. ‘பதினேழு, மூன்றாம் சுற்று’ என்று வட்டு திருப்பிச் சொன்னால்தான் ஏற்பார்கள். சுற்று மாறியிருந்தால் தள்ளிவிடுவார்கள். தரநிலைப்படி வட்டு அந்த எண்ணை அப்படியே திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. ஆப்பிள் கணினிகளின் கட்டுப்படுத்தி சில்லுகள் பார்த்தன. பெரிய எண்களைக் கண்டதும் முரண்டு பிடித்தன. அவற்றுக்கு மட்டும் இந்தக் காப்பை அணைக்க விதிவிலக்கு எழுத வேண்டியிருந்தது. டிரைவர் எழுதுகிறவர்களின் அன்றாடம் இப்படித்தான்: சரியான திருத்தமும், தரநிலையை மதிக்காத ஒரு சாதனத்தின் முன் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

தரவு சத்தமில்லாமல் கெடும் வகைக்கு இரண்டு நிகழ்வுகள் போதும்.

2018 நவம்பரில் லினக்ஸ் 4.19க்கு மாறியவர்களில் சிலரின் எக்ஸ்ட்-4 கோப்பு முறைமைகள் சிதையத் தொடங்கின. பழி முதலில் கோப்பு முறைமை மேல் விழுந்தது. அதைப் பராமரிப்பவர்கள் வாரக்கணக்கில் தங்கள் நிரலில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. பயனர்கள் பதிப்பு பதிப்பாகப் பாதியாக்கிச் சோதித்துக் கடைசியில் பிடித்தது பல-கியூ அடுக்கில் வேகத்துக்காகச் செய்த ஒரு மாற்றத்தை. ஷெட்யூலர் இல்லாத அமைப்பில், கோரிக்கையைக் கியூவில் நிறுத்தாமல் நேராக டிரைவருக்கே கொடுக்கும் குறுக்குவழி அது. டிரைவர் ‘இப்போது இடமில்லை’ என்று திருப்பினால் கோரிக்கை மறுபடி வரிசைக்குப் போகும். அங்கே இருக்கையில் பக்கத்து முகவரிக்கான இன்னொரு கோரிக்கை வந்து அதோடு ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் டிரைவர் அதற்குள் பழைய அளவுக்கே நினைவக வரைபடம் தயாரித்து வைத்திருக்கும். கோரிக்கை பெரிதாகிவிட்டது, வரைபடம் பழையது. டிசம்பரில் கெர்னல் நிரலாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போவின் திருத்தம் வந்தது: ஒரு முறை டிரைவர் கையில் போய்வந்த கோரிக்கையோடு இனி எதையும் ஒட்டக் கூடாது. இங்கேயும் லாக் சேர்க்கவில்லை. யாருக்கு மாற்றும் உரிமை உண்டு என்பதைத்தான் தீர்த்தார்கள். வட்டு ஓய்வாக இருக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டாது என்பதையும் கவனிக்க வேண்டும். டிரைவர் ‘இடமில்லை’ என்று சொல்லும் அளவுக்குச் சுமை ஏறினால்தான் தெரியும்.

இன்னொன்று டிரைவருக்கு ஒரு படி மேலே, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில். 2023 அக்டோபரில் ஓபன்-இசட்எஃப்எஸ் 2.2 வெளியான சில வாரங்களில், நகலெடுத்த கோப்புகளுக்குள் பூஜ்யங்கள் இருப்பதைப் பயனர்கள் கண்டார்கள். புதிதாக வந்த ‘பிளாக் குளோனிங்’ வசதி மேல் சந்தேகம் விழுந்தது. ஆராய்ந்தபோது அந்த வசதி குற்றவாளி அல்ல. பல ஆண்டுகளாக உள்ளே கிடந்த ஒரு ரேஸை அடிக்கடி நிகழவைத்தது மட்டுமே அதன் பங்கு. கோப்பில் இன்னும் வட்டுக்குப் போகாத மாற்றம் இருக்கிறதா என்று சரிபார்க்கும் இடம், மாற்றம் ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மிகச் சிறிய இடைவெளியில் ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிடும். நகலெடுக்கும் கருவியின் புதிய பதிப்புகள், நேரத்தை மிச்சம் பிடிக்க, கோப்பில் எங்கே வெற்றிடம் என்று கேட்டு அதைத் தாண்டிப் போகும். இரண்டும் சேர்ந்தபோது, தரவு இருந்த இடத்தை வெற்றிடம் என்று நம்பி நகலில் பூஜ்யம் எழுதிற்று. நவம்பர் 30 அன்று 2.2.2, 2.1.14 பதிப்புகளில் திருத்தம் வந்தது.

இசட்எஃப்எஸ் ஒவ்வொரு தொகுதிக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைக்கும். அதன் நற்பெயரே அந்த நம்பகத்தின் மேல் எழுந்தது. ஆனால் இந்தப் பிழையை எந்தச் செக்சமும் பிடிக்க முடியாது. மூலக் கோப்பு நலமாக இருக்கிறது. நகலில் இருக்கும் பூஜ்யங்களுக்கும் சரியான செக்சம் இருக்கிறது. தவறு நேர்ந்தது பிட்டில் அல்ல, ‘எப்போது கேட்டாய்’ என்பதில்.

ஆய்வுகள் இந்த அனுபவத்தை எண்களில் உறுதிசெய்கின்றன. ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று 2001இல் லினக்ஸ் கெர்னலை ஆராய்ந்து, டிரைவர்களில் பிழை விகிதம் மற்றப் பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகம் என்றது. ஆய்வாளர் ஷான் லூவும் அவர் குழுவினரும் 2008இல் நான்கு பெரிய மென்பொருள்களிலிருந்து ரேஸ் போன்ற 105 ஒருங்கியக்கப் பிழைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் 96 விழுக்காட்டை வெளிக்கொண்டுவர இரண்டே இழைகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் ஓடவைத்தால் போதும். டெட்லாக் (இழைகள் ஒன்றுக்காக ஒன்று காத்து முடங்குவது) அல்லாத பிழைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு, லாக்கைச் சேர்க்காமலும் மாற்றாமலும் வேறு வழியில் திருத்தப்பட்டிருந்தன. ‘ரேஸா, ஒரு லாக் போடு’ என்ற பழக்கத்துக்கு அந்த ஆய்வு நேரான பதில். 2013இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு ஆறு லினக்ஸ் கோப்பு முறைமைகளின் 5,079 திருத்தங்களைப் படித்தது. பிழைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஒருங்கியக்கப் பிழை. பழுதுவழி நிரலில் பிழைகள் குவிந்திருப்பதையும் அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

வட்டைப் பிடுங்கும் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய யுஎஸ்பி வட்டை ‘எஜெக்ட்’ செய்யாமல் உருவுவது நம்மில் பலர் செய்வதுதான். டிரைவருக்கு அந்தக் கணம் தேர்வுக்கூடம். கியூவில் கோரிக்கைகள் இருக்கும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், இன்டரப்ட் வரும் வழியில் இருக்கும். இதற்கிடையே டிரைவர் தன் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு நிலைத்துவிட்ட வரிசை ஒன்று உண்டு: புதிய கோரிக்கைகளை நிறுத்து, உள்ளே இருப்பவை வடியும்வரை காத்திரு, இன்டரப்டை அடை, கடிகாரத்தை அழி, அதன்பிறகே நினைவகத்தை விடு. கடிகாரத்தை அழித்தபின் வேறொரு வழி அதை மறுபடி முடுக்கிவிடும் தொல்லை அதிகமாகவே, ஒருமுறை அணைத்தால் பிறகு உயிர்ப்பிக்க முடியாத புதிய வசதி லினக்ஸ் 6.2இல் வந்தது. யாரும் பயன்படுத்தாத ஃபிளாப்பி டிரைவரில்கூட 2021இலும் 2022இலும் பாதுகாப்பு ஓட்டையாகும் ரேஸ்கள் பதிவாயின. பழைய டிரைவர்களைக் கெர்னலிலிருந்து துணிந்து நீக்குவதே அவற்றுக்கு நல்ல திருத்தம் என்பேன்.

நினைவக வரிசை என்ற இன்னொரு குழியைச் சுருக்கமாகக் கடக்கிறேன். இன்றைய சிபியுக்கள் நிரலில் எழுதிய வரிசையிலேயே நினைவகத்தைத் தொடும் என்று உறுதி இல்லை. ‘முடிந்தது’ என்ற அடையாள பிட்டை முதலில் படித்து, மீதியைப் பிறகு படிக்கச் சொன்னால், சில சிபியுக்கள் மீதியை முன்கூட்டியே படித்து வைத்துவிடும். என்விஎம்இ டிரைவரில் இதற்காக ஒரு தடுப்புக் கட்டளை இருக்கிறது. இன்டெல் சில்லுகளில் ஆண்டுக்கணக்கில் தெரியாத பிழைகள் ஆர்ம் சில்லுகளில் வெளிப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனி தேடும் கருவிகள். ரேஸைத் தேடுவதில் உள்ள பெருந்தொல்லை, தேடும் செயலே நேரத்தை மாற்றிவிடும் என்பது. ஒரு வரி அச்சிடச் சொன்னால் பிழை மறைந்துவிடும். 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் ஏறத்தாழ 5 கோடிப் பேரை இருளில் ஆழ்த்திய மின்தடையில், கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளில் இருந்த ரேஸுக்கும் பங்கு உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்களுக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. நிரலை வேண்டுமென்றே மெதுவாக்கித்தான் பிடித்தார்கள்.

அந்த மெதுவாக்கும் உத்தியே பின்னாளில் கருவியானது. மைக்ரோசாஃப்டில் 2010இல் உருவான ‘டேட்டாகொலைடர்’ நினைவகத்தைத் தொடும் ஏதோ ஒரு கட்டளையைத் தற்செயலாகத் தேர்ந்து, அங்கே வந்த இழையைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, அது தொடவிருந்த இடத்தை வேறு யாரும் தொடுகிறார்களா என்று பார்க்கும். விண்டோஸ் 7 கெர்னலில் உண்மையான 25 பிழைகளை அது பிடித்தது. கூகுளில் மார்கோ எல்வர் அதே எண்ணத்தை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 2020இல் கேசிசான் என்ற பெயரில் 5.8 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன்பே 2006இல் இங்கோ மொல்நார் எழுதிய லாக்டெப், லாக்குகளை எடுக்கும் வரிசையைக் கவனித்து, டெட்லாக் நேராமலேயே ‘நேரக்கூடும்’ என்று எச்சரிக்கிறது. லாக் ஒழுக்கத்தை ஓடும்போதே சரிபார்க்கும் ‘இரேசர்’ 1997இல் வந்தது. ஓடாமலேயே நிரலைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் வழியில் பெரிய அடி ‘ஸ்லாம்’. அதை மைக்ரோசாஃப்டில் தாமஸ் பாலோடு சேர்ந்து உருவாக்கிய ஸ்ரீராம் ராஜாமணி கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். விண்டோஸ் டிரைவர்களுக்கான சரிபார்ப்புக் கருவி ஸ்லாமிலிருந்து பிறந்தது. அதே அடித்தளத்தின் மேல் 2004இல் வந்த ‘கிஸ்’, பல இழைகள் உள்ள நிரலை ஒற்றை இழையாக மாற்றி எழுதி, விண்டோஸ் டிரைவர்களில் ரேஸ்களைக் கண்டுபிடித்துக் காட்டிற்று.

இவற்றின் எல்லை எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். கேசிசான் பிடிப்பது, காப்பில்லாமல் இரண்டு பேர் ஒரே இடத்தைத் தொடுவதை. மேலே சொன்ன 4.19 பிழையில் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு தொடுகையும் லாக்குக்குள் ஒழுங்காகவே நடந்தது. வரிசைதான் தப்பு. லினக்ஸில் 6.1 முதல் இடம்பெற்றுவரும் ரஸ்ட் மொழிக்கும் இதே எல்லைதான். காப்பில்லாத தொடுகையை அதன் கம்பைலர் அனுமதிக்காது. சோதனைக்கான ‘நல்’ பிளாக் டிரைவர் ஒன்று ரஸ்டில் எழுதப்பட்டு 2024இல் கெர்னலில் சேர்ந்தும்விட்டது. நினைவகத்துக்கு உரிமையாளர் யார் என்பதை மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே வைத்ததற்காக ரஸ்டை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் டைம்அவுட் முந்தினால் என்ன செய்வது என்ற முடிவை எந்தக் கம்பைலரும் எழுதித் தராது.

பிழையைத் தானாகவே திருத்தும் கருவிகளில் சிங்கப்பூருக்குப் பெரிய இடம் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அபிக் ராய்சவுத்ரியின் குழு 2013இல் ‘செம்ஃபிக்ஸ்’ என்ற கருவியை வெளியிட்டது. தோற்கும் சோதனையைக் கொடுத்தால், அது தேறுவதற்கு அந்த வரி என்ன மதிப்பைத் தர வேண்டும் என்று கணித்துத் திருத்தத்தைக் கட்டமைக்கும். 2024இல் அதே குழுவிலிருந்து மொழி மாதிரியைப் பயன்படுத்தும் ‘ஆட்டோகோட்ரோவர்’ வந்தது. இந்த மரபின் அடித்தளம், நம்பத்தகுந்த சோதனை ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது. ரேஸில் அதுதான் கிடைப்பதில்லை. ஆயிரம் முறை தேறிவிட்டு ஒரு முறை தோற்கும். ஆகவே திருத்தும் கருவிக்கு முன்னால், இழைகளின் வரிசையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்து ஓட்டும் சோதனைக் கருவி ஒன்று தேவை. இரண்டையும் கெர்னல் டிரைவர் அளவில் இணைக்கும் வேலைக்கு, நிரல் திருத்தத்திலும், தாறுமாறான உள்ளீடுகளால் சோதிக்கும் ஃபஸ்ஸிங்கிலும் ஆழக் கால்பதித்த இந்தப் பல்கலைக்கழகத்தைவிடத் தகுந்த இடம் குறைவு.

அதுவரை கையில் இருப்பது பழுதை வலிந்து உண்டாக்கும் முறை. லினக்ஸ் கெர்னலில், வட்டு பதில் தந்தும் தராததுபோல் பாசாங்கு செய்து டைம்அவுட் வழியை எழுப்பும் வசதி வெகுகாலமாகவே இருக்கிறது. பிளாக்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பு அதையும், ஓட்டத்தின் நடுவே வட்டைப் பிடுங்குவதையும், ரீசெட் செய்வதையும் வைத்து டிரைவர்களை வாட்டுகிறது. தரவு மையம் நடத்துபவர்கள் புதிய கெர்னலை ஏற்குமுன் முழுச் சுமையில் இந்தச் சோதனைகளை ஓட்டினால், கெடு முடியும் கணம் நள்ளிரவில் முதல்முறையாக வந்து நிற்காது.

கண்காணிப்பு விதிகளிலும் ஒரு குறை தெரிகிறது. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2013இல் வெளியிட்டு 2014 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழில்நுட்ப இடர் விதிப்படி, முக்கிய அமைப்பு ஒன்று பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் முடங்கக் கூடாது. கடுமையான கோளாற்றை அறிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். 14 நாளில் மூலகாரண அறிக்கை தர வேண்டும். கடுமையும் தெளிவும் உள்ள நல்ல விதி. பல நாடுகளில் இல்லாதது. ஆனால் அது பெரிதும் எண்ணுவது முடங்கிய நேரத்தை. 4.19 பிழையும் இசட்எஃப்எஸ் பிழையும் எந்த அமைப்பையும் ஒரு நிமிடம்கூட முடக்காமலே தரவைக் கெடுக்கக்கூடியவை. இரவில் எடுத்த நகலில் பூஜ்யங்கள் இருந்தால் அந்தக் கெட்ட நகல் அடுத்த நகலுக்கும் போகும். நல்ல நகல்கள் காலம் முடிந்து அழிக்கப்படும். நகல்களை எடுத்த கையோடு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா, சேமிப்பு அடுக்கில் கண்ட தரவுச் சிதைவு எத்தனை என்று கேட்கும் விதி, முடங்கிய நேரத்தைக் கேட்கும் விதிக்கு நிகராக இருக்க வேண்டும்.

கடைசியாக, இந்தக் கருவிகளோடு வெளியாட்கள் நுழைய முடியாத ஓர் இடம்: வட்டுக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர். வட்டுத் தயாரிப்பு இந்த ஊருக்கு அந்நியம் அல்ல. வட்டுகள் செய்யும் சீகேட் நிறுவனம் 1982இல் சிங்கப்பூரில் ஆலை தொடங்கியது. தொண்ணூறுகளில் உலகின் ஹார்ட் டிஸ்க்குகளில் ஏறத்தாழ பாதி இந்தத் தீவில் உற்பத்தியாயின. அங் மோ கியோவில் இருந்த சீகேட்டின் வட்டு ஆலை 2010க்குள் மூடப்பட்டது. ஆனால் இந்தத் துறை இங்கேயே தங்கிற்று: 2015இல் ஒன்-நார்த்தில் சீகேட்டின் வடிவமைப்பு மையம் திறந்தது, உட்லண்ட்ஸில் மைக்ரான் நிறுவனம் எஸ்எஸ்டிக்கான நேண்ட் சில்லுகளைச் செய்கிறது. இன்றைய எஸ்எஸ்டி ஒவ்வொன்றும் பல கருக்கள் கொண்ட கணினி. அதற்குள் ஓடும் ஃபர்ம்வேரிலும் கியூக்கள், கடிகாரங்கள், லாக்குகள், பழுதுவழிகள் எல்லாம் உண்டு; ஆகவே ரேஸ்களுக்கும் அங்கே இடம் உண்டு. லினக்ஸ் 4.19இன் பிழையை ஒருவரோடொருவர் தொடர்பற்ற பயனர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளில் பதிப்பு பதிப்பாகக் கட்டிப் பார்த்துப் பிடித்தார்கள். நிரல் திறந்திருந்ததால் முடிந்தது. ஃபர்ம்வேரின் மேல் கேசிசானையும் ஓட்ட முடியாது, அதைப் பாதியாக்கிச் சோதிக்கவும் முடியாது. புதிய ஃபர்ம்வேரோடு வரும் குறிப்பில் பெரும்பாலும் ‘நிலைத்தன்மை மேம்பாடு’ என்ற ஒரு வரிதான் இருக்கும். எந்தக் கோரிக்கை, எந்த வரிசையில், எந்தச் சுமையில் கெட்டது, அதனால் பழைய தரவு பாதிக்கப்பட்டிருக்குமா என்பதை அந்தக் குறிப்பில் எழுதச் சொல்லி, மொத்தமாக வட்டு வாங்கும் வங்கிகளும் தரவு மையங்களும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே கேட்கலாம். கெர்னல் எழுதுபவர்கள் இதை ஒவ்வொரு திருத்தத்தோடும் பொதுவெளியில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.